உயிரோடு இருப்பவரின் படத்துக்கு மாலை

1

என் கணவரின் மரண அறிவித்தலை நான் முதன்முதலாகக் கண்டபோது, அவர் எனக்கு முன்னால் இருந்து புட்டும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். எங்கள் ஊர் ஒன்றியத்தின் வட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்து விழுந்தது. ஓரமெல்லாம் ரோசாப்பூ, நடுவில் இவருடைய முகம், அதைச் சுற்றி மாலை, முன்னால் விளக்கு. கீழே, ‘கோண்டாவிலைப் பிறப்பிடமாகவும், பேர்லின் நொய்கெல்னை வதிவிடமாகவும் கொண்ட அமரர் சிவநேசன் அவர்கள்’ என்று எழுதி, கிரியை விபரம் பின்னர் அறியத்தரப்படும் என்று முடித்திருந்தார்கள்.

நான் படத்தைப் பார்த்தேன். பிறகு நிமிர்ந்து அமரரைப் பார்த்தேன்.

“சம்பல் இன்னும் கொஞ்சம் கிடக்கோ?” என்று அமரர் கேட்டார்.

வேறொரு கிழமை என்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஆனால் அந்த வியாழக்கிழமை காலையில் இவருக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்ய இருந்தார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த நாள், இந்த ஊர்ப் பேச்சில் ‘டெர்மின்’, அது. நான் முருகன் கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லிவைத்து, மீன் இறைச்சி விட்டு, வீட்டில் ஒருவரும் தும்மக்கூடாது என்கிற அளவுக்குப் பயந்துபோய் இருந்தேன். அந்த நேரம் பார்த்தா மாலையும் விளக்கும்? போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சம்பல் எடுக்கக் குசினிக்குப் போனேன்.

போன் விடவில்லை. முதலில் எசன் நகரத்தில் இருந்து ஒருவர் அழுதுகொண்டே எடுத்தார்.

“தங்கச்சி, எப்பிடி இது நடந்தது?”

“ஒண்டும் நடக்கேல்லை அண்ணை. இவர் நல்லா இருக்கிறார். இப்ப சாப்பிடுறார்.”

மறுபக்கத்தில் அவர் தன் மனைவியிடம் மெல்லச் சொல்வது கேட்டது. “பாவம், அதிர்ச்சியில பிள்ளைக்குத் தலை கலங்கிப்போச்சு.”

2

படத்தைக் குழுவில் போட்டவன் றஞ்சன். எங்கள் ஊர்ப் பெடியன்தான். உணவகங்களில் இருந்து சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை செய்கிறான். பிடித்துவைத்துக் கேட்டேன்.

“அக்கா, நான் என்ர கண்ணால கண்டனான். திங்கக்கிழமை பின்னேரம், கால்வாய்க்குப் பக்கத்தில இருக்கிற சின்னத் தியேட்டருக்குச் சாப்பாடு கொண்டுபோனன். உள்ளுக்கை இருட்டு. சிவா அண்ணையின்ர படம் கதவளவு பெரிசாத் தொங்குது. மாலை போட்டிருக்கு, விளக்கு எரியுது. வெள்ளைக்காரர் கறுப்பு உடுப்போட சுத்திவரக் குனிஞ்சுகொண்டு நிக்கினம். நான் கும்பிட்டிட்டு, காசும் வாங்காமல் வந்திட்டன் அக்கா.”

வெளியே வர முன்னர் கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்திருக்கிறான். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது.

அவனைப் பிழை சொல்லவும் ஏலாது. உயிரோடு இருப்பவரின் படத்துக்கு எங்கள் ஆட்கள் மாலை போடமாட்டார்கள். மேடையில் நிற்கும் அமைச்சரின் கழுத்தில் போடலாம், மாப்பிள்ளையின் கழுத்தில் போடலாம். சட்டம் போட்ட படத்தில் போட்டால் ஆள் முடிந்தது என்று அர்த்தம். ஒரு தமிழனுக்கு இதற்கு மேல் அத்தாட்சி வேண்டியதில்லை. இந்த நாட்டில் மரணச் சான்றிதழ் வாங்க எத்தனை அலுவலகம் ஏறி இறங்க வேண்டும்! எங்களுக்கு ஒரு முழம் மாலை போதும்.

அந்தத் தியேட்டரில்தான் என் மகள் ஆரணி வேலை செய்கிறாள். ஹங்கேரியில் இருந்து வந்த ஒரு நாடகக் குழுவோடு. நடிகர்கள் ஹங்கேரி மொழியில் பேசுவார்கள். மேடைக்கு மேலே ஒரு பலகையில் அதன் ஜேர்மன் மொழிபெயர்ப்பு எழுத்தாக ஓடும். பின்னால் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து அந்த எழுத்தை வரிக்கு வரி ஓடவிடுவது இவளுடைய வேலை. மொழிபெயர்த்ததும் இவள்தான். இதற்காகப் புடாபெஸ்டில் போய் இருந்து படித்தாள். சின்ன வயதில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் என்றால் வயிற்றுவலி வரும். ஹங்கேரி மொழிக்கு மட்டும் வயிறு சுகமாக இருந்தது. என்னோடு ஜேர்மனில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன். ஒரே வீட்டில் இரண்டு வானொலி மாதிரி இத்தனை வருடம் ஓடிவிட்டது.

அவளுக்கு எடுத்தேன்.

“அப்பான்ர படத்துக்கு மாலை போட்டது ஆர்?”

அவள் ஜேர்மனில் விளக்கத் தொடங்கினாள். நாடகத்தில் ஹங்கேரியில் ஒரு சின்ன நகரம். கார் பற்றறித் தொழிற்சாலையில் வேலை செய்ய வெளிநாட்டு ஆட்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதில் இலங்கைக்காரன் ஒருவன் செத்துப்போகிறான். செத்தவனின் படமாக வைக்க ஒரு படம் தேவைப்பட்டது, அதுதான்…

“தமிழில சொல்லு. மாலை போட்டது ஆர்?”

“நான்தான் அம்மா. எங்கட ஆக்கள் அப்பிடித்தானே செய்யிறவை. சரியா இருக்கவேணும் எண்டு…”

“படத்தை எங்கை களவெடுத்தனி?”

எனக்குப் பின்னால், கதிரையில் சாய்ந்தபடி அமரர் வாயைத் திறந்தார்.

“களவெடுக்கேல்லையப்பா. கேட்டவள், நான்தான் குடுத்தனான்.”

“உங்களுக்கு விசரே?”

“நான் செத்தாப் பிறகு மாலை போடுவியள். அதை நான் பாக்கேலாது. போட்டாப் பிறகு படம் எடுத்து அனுப்பினவள், பாத்தன். வடிவாத்தான் இருந்தது.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நெஞ்சு வருத்தக்காரர் என்பதால் மட்டும் விட்டேன்.

3

பிறகு பெரியக்காவின் முறை. இவருடைய தமக்கை, கோண்டாவிலில் தனியாக இருக்கிறா. இவரே வீடியோவில் எடுத்தார். சாவுச் சேதிக்கு முழுகிய தலைமயிர் ஈரத்தோடு, கண் வீங்கியபடி பெரியக்கா வந்தா. தம்பியின் முகத்தைக் கண்டதும் கத்தவில்லை, கதறவில்லை. மெல்லக் கேட்டா:

“தம்பி, நீ எங்கை நிண்டு கதைக்கிறாய்?”

“வீட்டில அக்கா.”

“எந்த வீட்டில?”

நொய்கெல்ன் வீட்டில்தான் என்று நம்பவைக்கப் பெரும்பாடு பட்டோம். பழைய வீடியோவைப் போட்டுக் காட்டுகிறார்கள் என்றா. கையைத் தூக்கச் சொன்னா, நாக்கை நீட்டச் சொன்னா. இவர் எல்லாம் செய்தார். பக்கத்து வீட்டார் சோறு சமைத்துக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். செத்த வீடென்றால் அடுப்பு மூட்டக்கூடாதல்லவா. கடைசியில் பெரியக்கா மூக்கைச் சிந்திவிட்டு, “சரி, முழுகினது முழுகினதுதான். பொய்யாச் சாவு சொன்னால் ஆயுள் கெட்டி எண்டுவினம்” என்றா. சொன்ன கையோடு உடைந்து அழத் தொடங்கினா. இவர் போனை என்னிடம் தந்துவிட்டு யன்னல் பக்கம் போய் நின்றார். வடிவாத்தான் இருந்தது என்ற மனுசன் அங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

4

அன்று பின்னேரம் நாடகத்தின் இயக்குநரை ஆரணி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். இல்டிகோ என்று பெயர். என் வயதிருக்கும், ஒல்லி, நரைத்த மயிரை ஒட்ட வெட்டியிருந்தா. கையில் கசகசா வைத்துச் சுட்ட கேக். மன்னிப்புக் கேட்க வந்திருந்தா. நான் ஒரே வார்த்தையில் சொன்னேன்: படத்தைக் கழற்றுங்கோ.

அவவுக்கு ஜேர்மன் கொஞ்சம்தான் வரும். ஆரணி நடுவில் இருந்து மாற்றிக்கொடுத்தாள். புதன்கிழமை முதல் காட்சி. பகிடி நாடகம்தான், ஆனால் முழுக்க அந்தப் படத்தைச் சுற்றித்தான் நடக்கிறது. வேறு ஆளின் படம் எடுத்துப் பெரிதாக்க நேரமில்லை. வியாழன் கட்டாயம் மாற்றலாம்.

“வியாழன் மாத்தி என்ன செய்யிறது? புதன் இரவு முழுக்க என்ர மனுசன்ர படம் மாலையோட தொங்கும். விடிய அவரைக் கத்திக்குக் குடுக்கவேணும். சொல்லு இவவுக்கு.”

ஆரணி சொன்னாள். இல்டிகோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தா.

ஏன் செத்த வீட்டை வைத்துப் பகிடி விடுகிறீர்கள் என்று கேட்டேன். தன்னுடைய ஊரில் தெருவெல்லாம் வெளிநாட்டவன் வருகிறான், வேலையைப் பறிக்கிறான் என்று சுவரொட்டி என்றா. அந்தச் சுவரொட்டிக்குப் பின்னால் இருக்கிற தொழிற்சாலையில் அதே வெளிநாட்டவனை இறக்கி வேலை வாங்குகிறார்கள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஜேர்மனிக்கும் ஒஸ்திரியாவுக்கும் போய்விட்டார்கள். இதைக் கோபமாகச் சொன்னால் அரங்குக்கு வரும் உதவிப் பணம் நிற்கிறது, சொல்பவனின் பெயர் கெடுகிறது. சிரிப்பாகச் சொன்னால் ஆட்கள் கதிரையில் இருந்து கேட்கிறார்கள். உங்களுக்கு உதவிப் பணம் நின்றதா என்று கேட்டேன். நின்றதால்தான் நொய்கெல்னில் இருக்கிறேன் என்றா.

எனக்குப் பங்கர் நினைவு வந்தது. ஷெல் அடிக்கிற நாட்களில் எங்கள் வளவுப் பங்கருக்குள் அயலட்டை எல்லாம் நெருக்கி இருப்போம். ஷெல் கூவிக்கொண்டு மேலால் போகும்போது என் சித்தப்பா, “இது எங்கட விலாசத்துக்கு இல்லை, சந்திக்குப் போற தபால்” என்பார். எல்லாரும் சிரிப்போம். ஒருநாள் ஒரு ஷெல் சந்தியில் விழுந்து, எங்களுக்குத் தெரிந்த மூன்று பேர் போனார்கள். மறுநாள் பங்கருக்குள் ஒருவரும் பேசவில்லை. சித்தப்பா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “இண்டைக்குத் தபால்காரன் லீவோ?” என்றார். அன்றைக்கும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நான் யாருக்கும் சொன்னதில்லை, இல்டிகோவுக்கும் சொல்லவில்லை.

அப்போது வாசல் மணி அடித்தது. இவர் எழும்பிப் போய்க் கதவைத் திறந்தார். வெளியே வெள்ளைச் சேலை கட்டிய எங்கள் பெண்கள் நாலைந்து பேர், பின்னால் தலை குனிந்தபடி அவர்களுடைய புருசன்மார். முன்னுக்கு நின்ற பெண் ஒப்பாரிக்கு எடுத்த மூச்சை விடமுடியாமல் அப்படியே நின்றா.

“வாங்கோ, வாங்கோ. உள்ளுக்கை வாங்கோ. தேத்தண்ணி குடிப்பம்” என்றார் இவர்.

வந்து இருந்தார்கள். அழுவதா, கோபிப்பதா, தேத்தண்ணி குடிப்பதா என்று தெரியாமல் கசகசாக் கேக்கைச் சாப்பிட்டார்கள். இல்டிகோ மூலையில் இருந்து கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தா. இதையும் நாடகமாக்கிப்போடுவா என்று நினைத்துக்கொண்டேன். போகும்போதும் படத்தைக் கழற்றுகிறேன் என்று அவ சொல்லவில்லை.

5

புதன்கிழமை வைத்தியசாலையில் சேர்த்தோம். ஒரு வைத்தியர் வந்து, நினைவு திரும்பாவிட்டால் யார் முடிவெடுப்பது என்று கேட்டு ஒரு தாளில் என் கையெழுத்தை வாங்கினார். இவர் கட்டிலில் நீல உடுப்போடு கிடந்தார். கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது.

“நீர் போம்” என்றார். “போய் நாடகத்தைப் பாரும். நான் எப்பிடிச் செத்துக் கிடக்கிறன் எண்டு வந்து சொல்லும்.”

“வாயைப் பொத்துங்கோ.”

“இஞ்சேரும்… பிள்ளையோட சண்டை பிடியாதையும்.”

வெளியே வந்து சுரங்க ரயில் ஏறினேன். நாடகம் பார்க்கும் எண்ணம் எனக்கு இல்லை. சனம் போனதும் மேடையில் ஏறி, மாலையைக் கழற்றி, படத்தை எப்படியாவது இறக்கிக்கொண்டு வருவது என்று தீர்மானித்திருந்தேன். அது அங்கே தொங்கும்வரை விடியக்கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாவது வரிசையில் இடம் தந்தார்கள். விளக்கு அணைந்தது. மேடையின் பின்சுவரில், கதவளவில், இவர். மாலையோடு. எங்கள் மகள் பிறந்த வருடம் எடுத்த படம், மீசை கறுப்பாக இருந்தது.

கீழே வெள்ளைத் துணியால் மூடிய ஒரு பொம்மை, அதுதான் பிணம். நகரத்தில் தேர்தல் வருகிறது. தொழிற்சாலையில் ஆள் செத்த சேதி வெளியே வரக்கூடாது என்று மேயர் பிணத்தை ஐஸ்கிறீம் கடைக்காரனின் பெட்டிக்குள் ஒளித்துவைக்கிறார். புதைப்பதென்றால் முதலில் வதிவிடப் பதிவை நீக்க வேண்டும். நீக்குவதற்கு ஆள் நேரில் வர வேண்டும் என்கிறாள் அலுவலகப் பெண். தள்ளுவண்டியில் வைத்து நேரில் கொண்டுபோகிறார்கள். இலக்கச் சீட்டு எடுக்கச் சொல்கிறாள். எடுத்துக்கொடுக்கிறார்கள். படிவத்துக்கு எடுத்த படம் சரியில்லை, கண் திறந்திருக்க வேண்டும் என்கிறாள். இரண்டு பேர் பிணத்தின் கண்ணைத் திறந்து பிடிக்கிறார்கள். சரி, ஆனால் வாய் மூடியிருக்க வேண்டும் என்கிறாள்.

நான் சிரித்துவிட்டேன். ‘நேரில் வரவேண்டும்’ என்ற சொல்லுக்காக எத்தனை விடியற்காலை அகதி அலுவலக வாசலில் குளிரில் நின்றிருக்கிறோம்! இவர் காய்ச்சலோடு போய் நின்று, வருத்தம் என்றால் ஏன் வந்தாய் என்று பேச்சு வாங்கியதும் நினைவு வந்தது. அடக்க அடக்கச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரன் திரும்பிப் பார்த்தான். நிமிர்ந்தபோது எதிரே இவருடைய படம். அடிப் பாவி, புருசனின் பிணத்தைப் பார்த்தா சிரிக்கிறாய் என்று என் மனமே என்னைத் திட்டியது. நாளைக்கு ஏதாவது நடந்தால் இந்தச் சிரிப்புத்தான் என்னைக் கொல்லும் என்று பட்டது.

பிறகு ஒரு தாய் வருகிறாள். மகன் ஜேர்மனிக்குப் போய் வருடக்கணக்கு. அவன் விட்டுவிட்டுப் போன கோட்டைக் கொண்டுவந்து பொம்மைக்குப் போட்டுவிடுகிறாள். கை நீளம் சரியா என்று பார்க்கிறாள். அவ்வளவு நேரமும் சிரித்த சனம் அடங்கிப்போனது.

கடைசிக் காட்சி. குழி வெட்டியாயிற்று. கல்லில் எழுதப் பெயர் வேண்டும். ஒருவருக்கும் தெரியாது. மேயர் மண்வெட்டியோடு மேடை நுனிக்கு வந்து எங்களைப் பார்த்துக் கேட்கிறார். மேலே பலகையில் ஜேர்மனில் எழுத்து விழுந்தது: இந்த மனிதனின் பெயர் யாருக்காவது தெரியுமா?

அவர் காத்திருந்தார். நீண்ட நேரம் காத்திருந்தார். ஒருவரும் சொல்லாவிட்டால் கோவாச் என்று ஏதோ அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிப் புதைத்துவிடுவார்கள் என்று ஆரணி முதலே சொல்லியிருந்தாள்.

நான் எழும்பி நின்றது எனக்கே தெரியாது. ஜேர்மன் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. இத்தனை வருடம் பேசிய மொழி எங்கேயோ போய்விட்டது.

“சிவநேசன்!” என்றேன். “அவரின்ர பேர் சிவநேசன். அவர் சாகேல்லை. உயிரோட இருக்கிறார். நாளைக்கு அவருக்கு ஒப்பரேசன்.”

அரங்கு முழுக்கத் திரும்பியது. இதுவும் நாடகம்தான் என்று நினைத்து இரண்டொருவர் சிரித்தார்கள். மேயருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றார். எனக்கு இருக்கவும் ஏலவில்லை.

அப்போது பலகை வெறுமையானது. அதில் ஜேர்மனில் ஒவ்வொரு எழுத்தாக விழத் தொடங்கியது. பின்னால், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து யாரோ அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் பெயர் சிவநேசன்.

அவர் சாகவில்லை. உயிரோடு இருக்கிறார்.

நாளை அவருக்குச் சத்திரசிகிச்சை.

சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். பலகையில் எழுத்து இன்னும் நிற்கவில்லை. நான் சொல்லாத ஒரு வரியும் விழுந்தது.

இது என் அம்மா.

மேயர் அண்ணாந்து, தனக்குத் தெரிந்த கொஞ்ச ஜேர்மனில் வாசித்தார். மண்வெட்டியைக் கீழே வைத்தார். மெல்லப் போய், மேடையோரம் நின்ற ஏணியை எடுத்து வைத்து ஏறி, படத்தில் இருந்த மாலையைக் கழற்றினார். கழற்றிய பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். மேயர்மாருக்கு மாலை விழுவது எங்கள் ஊரிலும் வழக்கம்தானே. சனம் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே அழுதேன்.

6

பிறகு எனக்கு ஒரு சேதி வந்தது. நான் சொன்னதை நாடகத்தில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமா என்று இல்டிகோ கேட்டிருந்தா. ஏலாது என்று சொல்லிவிட்டேன். படத்தை ஆரணி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். கதவளவு படம், வைக்க இடமில்லை. உடுப்பு அலுமாரிக்குப் பின்னால் முகத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை காலையில் இருந்து நானும் ஆரணியும் வைத்தியசாலை நடைபாதையில் இருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் எழும்பினோம். மத்தியானம் கழிந்து ஒரு வைத்தியர் வந்து, எல்லாம் சரி என்று தலையாட்டினார். ஆரணி என் தோளில் முகத்தைப் புதைத்து, “அம்மா, நான் இனி மாலை போடமாட்டன்” என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

“ஒருநாள் போடத்தானே வேணும், பிள்ளை” என்றேன். “கேட்டிட்டுப் போடு.”

மறுநாள் தொண்டையில் இருந்த குழாயை எடுத்த பிறகு பார்க்க விட்டார்கள். நெஞ்சு முழுக்கக் கட்டு. இருமும்போது தையல் பிரியாமல் அணைத்துக்கொள்ள ஒரு சின்னத் தலையணை கொடுத்திருந்தார்கள். கண்ணைத் திறந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். குரல் அடைத்திருந்தது.

“வட்ஸ்அப்பில… எனக்கு எத்தினை பேர் அழுதவை?”

நான் பேச முன்னர் ஆரணி அவருடைய காதருகே குனிந்தாள்.

“கொஞ்சப் பேர்தான் அப்பா. காணாது. அடுத்த முறை இன்னும் வடிவாச் செய்யவேணும்.”

அவளுடைய முதுகில் ஒரு அடி போட்டேன். இவருடைய உடம்பு குலுங்கத் தொடங்கியது. பயந்துபோய்த் தாதியைக் கூப்பிட வாயெடுத்தேன். அவர் தலையணையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தபடி, கண்ணால் நீர் வழிய, வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

“சிரிக்கப் பண்ணாதை பிள்ளை” என்றார். “தையல் நோகுது.”